கடைக் கம்ப்யூட்டரில் ரேம் பொருத்துதல்: எந்த ஸ்லாட், எந்த வரிசை?



ஆதிச்சநல்லூர் பக்கம் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் கடையில், பொங்கலுக்கு நான்கு நாள் இருக்கும்போது நடந்ததைச் சொல்லிவிட்டுப் பாடத்துக்கு வருகிறேன். பில் போடும் கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்று அவருடைய மகன் டவுனுக்குப் போய் இன்னொரு ரேம் வாங்கி வந்து, இரவு கடை அடைத்தபின் தானே பொருத்தினார். சுவிட்சைப் போட்டால் திரை கறுப்பாகவே இருந்தது. பெட்டிக்குள்ளிருந்து "பீப், பீப்" என்று விடாமல் சத்தம் மட்டும் வந்தது.

மறுநாள் காலையில் வந்து பார்த்த மெக்கானிக், பெட்டியைத் திறக்காமலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "அண்ணாச்சி, போர்டு போயிட்டு. புது மெஷின்தான் வாங்கணும். உள்ள இருக்க கணக்கு வருமான்னு சொல்ல முடியாது." மெஷினுக்குள் இருந்ததோ மூன்று வருடப் பற்று வரவு, சுற்று வட்டாரக் குடும்பங்களின் பாக்கி முழுவதும் அதில்தான். அண்ணாச்சிக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மாலையில் நான் போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். புதிய ரேமின் ஒரு முனை நன்றாக இறங்கியிருந்தது. மறு முனை நூல் கனம் மேலே நின்றது. அந்தப் பக்கத்துக் கிளிப்பும் மூடவில்லை. இரண்டு ரேமையும் எடுத்து, உரிய ஸ்லாட்டில் உரிய விதமாக அழுத்திப் பொருத்தியதும் மெஷின் ஓடியது. கணக்கு ஒரு வரிகூடக் குறையாமல் இருந்தது. செலவு ஒன்றுமில்லை. கொஞ்சம் விவரம் தெரியாததால் ஒரு புது மெஷினின் விலையும், ஒரு நாள் நிம்மதியும் போக இருந்தது.

ஆகவே, கடை முதலாளி என்ற முறையில் நாம் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. நாமே பொருத்தாவிட்டாலும், பொருத்துகிறவர் சரியாகச் செய்கிறாரா என்று பார்க்கவாவது தெரிய வேண்டும்.

ரேம் என்பது கிடங்கு அல்ல, கல்லா மேசை

கம்ப்யூட்டருக்குள் இரண்டு விதமான இடங்கள் உண்டு. ஒன்று ஹார்டு டிஸ்க் அல்லது எஸ்.எஸ்.டி. இதை நம் கிடங்கு என்று வைத்துக் கொள்ளலாம். கரண்ட் போனாலும் அங்குள்ள சரக்கு அங்கேயே இருக்கும். நம்முடைய பில், பாக்கி, ஸ்டாக் எல்லாம் அங்கேதான் பதிவாகின்றன. மற்றொன்று ரேம். இது கல்லா மேசை போன்றது. வேலை நடக்கும்போது தேவையானதை மட்டும் கிடங்கிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்துக் கொள்கிறோம். கடை அடைக்கும்போது மேசை காலியாகிவிடும். அதுபோல மெஷினை நிறுத்தியதும் ரேமில் இருப்பது அழிந்துவிடும்.

இதிலிருந்து இரண்டு செய்திகள் விளங்கும். முதலாவது, ரேம் கெட்டாலும், அதைக் கழற்றினாலும் சேமித்து வைத்த கணக்கு போய்விடாது. "ரேம் போச்சு, கணக்கும் போச்சு" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இரண்டாவது, மேசை சிறியதாக இருந்தால் கிடங்குக்கும் மேசைக்கும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மெஷின் மெதுவாவது இதனால்தான். மேசையைப் பெரிதாக்குவதே ரேம் சேர்ப்பது.

செல்போனில் போடும் மெமரி கார்டு வேறு, இது வேறு. கடையில் கேட்கும்போது "ரேம்" என்றே கேட்டு வாங்குங்கள்.

தலைமுறைக்கு ஒரு வெட்டு

ரேம் என்பது நீளமான பச்சை அல்லது கறுப்புப் பலகை. அதன் கீழ் ஓரத்தில் தங்க முலாம் பூசிய பற்கள் வரிசையாக இருக்கும். அந்த வரிசையின் நடுவில், சற்று ஒரு பக்கம் தள்ளி, ஒரு வெட்டு இருக்கும். மதர்போர்டில் உள்ள ஸ்லாட்டிலும் அதே இடத்தில் ஒரு மேடு இருக்கும். வெட்டும் மேடும் பொருந்தினால்தான் ரேம் உள்ளே இறங்கும். பூட்டுக்கு ஏற்ற சாவி என்பது போல.

டி.டி.ஆர்.2, டி.டி.ஆர்.3 இரண்டிலும் 240 பற்கள்; ஆனால் வெட்டு இருக்கும் இடம் வேறு. டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 இரண்டிலும் 288 பற்கள். அங்கும் வெட்டு வேறு இடத்தில்தான். மின்னழுத்தமும் ஒவ்வொன்றுக்கும் மாறும். டி.டி.ஆர்.2-க்கு 1.8 வோல்ட், டி.டி.ஆர்.3-க்கு 1.5, டி.டி.ஆர்.4-க்கு 1.2, டி.டி.ஆர்.5-க்கு 1.1 வோல்ட். தவறான தலைமுறையைப் பொருத்திவிடாமல் காப்பதற்கே அந்த வெட்டு. ஆகவே இறங்கவில்லை என்றால் பலம் காட்டக் கூடாது. திருப்பிப் பாருங்கள், அப்போதும் இறங்காவிட்டால் அது உங்கள் மெஷினுக்கு உரிய சரக்கு அல்ல என்று அர்த்தம்.

ரேமின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பி.சி.3, பி.சி.4, பி.சி.5 என்று தொடங்கும் எழுத்துகள் இருக்கும். அதுவே தலைமுறையைக் காட்டும். லேப்டாப்பிலும், திரையும் பெட்டியும் ஒன்றாக உள்ள பில்லிங் மெஷின்கள் பலவற்றிலும் குட்டையான ரேம் வரும். மேசைக் கம்ப்யூட்டர் ரேம் அதில் நுழையாது.

எந்த ஸ்லாட்டில் போடுவது?

இதுதான் பலரும் தவறு செய்யும் இடம். "காலியாக இருக்கிற எதில் போட்டால் என்ன?" என்று கேட்கலாம். காரணம் உண்டு.

பழைய 486 மெஷின்களில் 30 பற்கள் கொண்ட ரேம் வந்தது. ஒரு ரேம் ஒரு நேரத்தில் 8 பிட்டுகளை மட்டுமே கொடுக்கும். மெஷினுக்கோ 32 பிட் வேண்டும். எனவே நான்கு நான்காகத்தான் போட வேண்டும். பின்பு பென்டியம் வந்தது. அதற்கு 64 பிட் தேவை. 72 பற்கள் கொண்ட ரேம் 32 பிட் கொடுத்தது. ஆகவே இரண்டிரண்டாகப் போட வேண்டும். ஜோடி குறைந்தால் மெஷின் ஓடாது. அதன்பின் 168 பற்கள் கொண்ட ரேம் வந்ததும் ஒன்றே 64 பிட் கொடுத்தது. ஜோடித் தொல்லை தீர்ந்தது.

பின்னாளில் வேகத்துக்காக ஜோடி மீண்டும் வந்தது. இப்போதைய மதர்போர்டுகளில் ரேமுக்கும் பிராசஸருக்கும் இடையே பெரும்பாலும் இரண்டு பாதைகள் உண்டு. ஏ என்றும் பி என்றும் இவற்றைக் குறிப்பார்கள். இரண்டு பாதையிலும் ஒவ்வொரு ரேம் இருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். இதற்கு டூயல் சேனல் என்று பெயர். டி.டி.ஆர்.4-3200 வகை ரேம் ஒரு பாதையில் நொடிக்கு 25.6 ஜி.பி. வரை கடத்தும், இரண்டு பாதையிலும் சேர்த்து 51.2 ஜி.பி. கிடங்குக்கு இரண்டு வாசல் இருந்து, இரண்டிலும் ஆள் நின்று மூட்டை இறக்குவது போல. இரண்டு ரேமையும் ஒரே பாதையில் போட்டால், ஒரு வாசலைப் பூட்டிவிட்டு இரண்டு ஆளையும் மறு வாசலில் நிறுத்தியதாக ஆகும்.

அன்று ஜோடி தவறினால் மெஷின் ஓடாது. தவறு உடனே தெரிந்தது. இன்று தவறினாலும் மெஷின் ஓடும், வேகம் மட்டும் குறையும். ஆகவே தவறு வருடக்கணக்கில் தெரியாமலே கிடக்கிறது.

நான்கு ஸ்லாட் உள்ள போர்டில், பிராசஸர் இருக்கும் பக்கத்திலிருந்து எண்ணினால் பொதுவாக ஏ1, ஏ2, பி1, பி2 என்று வரிசை வரும். பெரும்பாலான போர்டுகளுக்கு விதி இதுதான்:

ஒரே ஒரு ரேம் என்றால் இரண்டாவது ஸ்லாட், அதாவது ஏ2.

இரண்டு ரேம் என்றால் இரண்டாவதும் நான்காவதும், அதாவது ஏ2, பி2.

நான்கு ரேம் என்றால் எல்லா ஸ்லாட்டும்.

முதல் ஸ்லாட்டை விட்டு இரண்டாவதில் ஏன் போட வேண்டும்? பிராசஸரிலிருந்து வரும் மின்கோடு பெரும்பாலான போர்டுகளில் முதல் ஸ்லாட்டைத் தொட்டுவிட்டு இரண்டாவதில் போய் முடிகிறது. கடைசி ஸ்லாட்டில் ரேம் இருந்தால் சிக்னல் அங்கே ஒழுங்காகப் போய்ச் சேர்கிறது. முதலில் ரேம் இருந்து கடைசி காலியாக இருந்தால், எஞ்சிய கோட்டின் முனையில் சிக்னல் மோதித் திரும்பி வந்து குழப்பும். வாய்க்காலின் வால்மடையை அடைத்தால் தண்ணீர் எதிர்த்து வருவதைப் பார்த்திருப்பீர்கள். வேகம் கூடக்கூட இந்தக் குழப்பம் அதிகமாகும்.

சில போர்டுகளில் ஜோடி ஸ்லாட்டுகளுக்கு ஒரே நிறம் கொடுத்திருப்பார்கள். சிலவற்றில் எல்லாமே கறுப்பு. நிறத்தின் பொருள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எனவே மதர்போர்டுடன் வந்த புத்தகத்தைப் பார்ப்பதே சரி. புத்தகம் தொலைந்திருந்தால், போர்டில் அச்சிட்டுள்ள மாடல் எண்ணைக் கொண்டு கம்பெனியின் இணையதளத்தில் எடுத்துக் கொள்ளலாம். இரண்டே ஸ்லாட் உள்ள சிறிய போர்டில் பொதுவாக ஒவ்வொன்றும் தனிப் பாதை. இரண்டு ரேம் இருந்தால் இரண்டிலும் போட்டால் போதும்.

வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

முதலில் ரேம் தேவையா என்று பாருங்கள். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ், மெமரி என்று போனால் எவ்வளவு ரேம் உள்ளது, எவ்வளவு செலவாகிறது, எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியுள்ளது என்று காட்டும். கூட்டமான நேரத்தில், பில்லிங் மென்பொருளும் பிரவுசரும் திறந்திருக்கும்போது பாருங்கள். 90 சதவீதத்துக்கு மேல் நின்றால் ரேம் போதவில்லை. பாதிதான் செலவாகிறது என்றால் ரேம் வாங்கிப் பயனில்லை. பழைய ஹார்டு டிஸ்க்கை மாற்றி எஸ்.எஸ்.டி. போடுவதே பலன் தரும்.

விண்டோஸ் 95 ஓட 4 எம்.பி. ரேம் போதும் என்றிருந்தது. விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சமே 4 ஜி.பி.; அதாவது 1024 மடங்கு. நடைமுறையில் பில்லிங், ஜி.எஸ்.டி. தாக்கல், பிரவுசர் எல்லாம் சேர்ந்து சிரமமின்றி ஓட 8 ஜி.பி. வேண்டும்.

அடுத்து, உங்கள் போர்டு எவ்வளவு தாங்கும் என்று பாருங்கள். இன்டெல் எச்61 வகைப் பழைய போர்டுகள் பல கடைகளில் ஓடுகின்றன. அவை 16 ஜி.பி.க்கு மேல் ஏற்காது. 32 பிட் விண்டோஸ் போட்டிருந்தால் 4 ஜி.பி.க்கு மேல் எவ்வளவு போட்டாலும் பயன்படாது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு மாற முடியாத பழைய மெஷினில் அதிகப் பணம் போடுவதா என்று யோசித்துச் செய்யுங்கள்.

கூடியவரை ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரே வேகம் உள்ளதாக ஜோடி சேருங்கள். வேகம் வேறுபட்டால் குறைந்த வேகத்துக்கே இரண்டும் ஓடும். அளவு வேறுபட்டால், உதாரணமாக 4-ம் 8-ம் போட்டால், பெரும்பாலான மெஷின்களில் 4-க்கு 4 இரட்டைப் பாதையிலும் மீதி 4 ஒற்றைப் பாதையிலும் ஓடும், நஷ்டமில்லை.

சர்வர்களில் இருந்து கழற்றிய பழைய ரேம் மலிவாகக் கிடைக்கும். அதில் ரெஜிஸ்டர்டு என்ற வகை நம் மேசைக் கம்ப்யூட்டரில் ஓடாது. விலையைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறியது. செயற்கை அறிவு வேலைகளுக்கான பெரிய டேட்டா சென்டர்கள் சரக்கை அள்ளிக் கொண்டதே முக்கியக் காரணம். உலகச் சந்தையின் பெரும் பகுதி சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று கம்பெனிகளின் கையில். அவற்றில் மைக்ரான், குரூசியல் என்ற பெயரில் நடத்திய சில்லறை வியாபாரத்தை விட்டு விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. மொத்த வியாபாரிக்குப் பெரிய பார்ட்டி கிடைத்தால் சில்லறைக் கடைக்குச் சரக்கு வராது என்பது நாம் அறியாததா? விலை கூடிய சரக்கு என்பதால், உத்தரவாதத்துடன் ஜி.எஸ்.டி. பில் கேட்டு வாங்குங்கள். காம்போசிஷன் திட்டத்தில் இல்லாதவர்களுக்கு உள்ளீட்டு வரி வரவும் கிடைக்கும்.

பொருத்தும் முறை

1. முதலில் கணக்கை பேக்கப் எடுத்து, மெஷினுக்கு வெளியே ஒரு பென் டிரைவில் வையுங்கள்.

2. மெஷினை ஷட் டவுன் செய்து, பவர் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். யு.பி.எஸ்ஸை நிறுத்தினால் மட்டும் போதாது. பிறகு பெட்டியின் பவர் பட்டனைச் சில விநாடி அழுத்தினால் தேங்கிய மின்சாரம் வடியும்.

3. பக்கத்துத் தகட்டைக் கழற்றியதும், எதையும் தொடுமுன் செல்போனில் ஒரு படம் எடுங்கள். எந்த ரேம் எந்த ஸ்லாட்டில் இருந்தது என்ற குறிப்பு பின்னால் உதவும். நம் ஆதிச்சநல்லூர்ப் பரம்பில் 1900-களின் தொடக்கத்தில் தோண்டிய அலெக்சாண்டர் ரீ, கிடைத்தவற்றுக்குப் பட்டியல் போட்டு 1915-இல் அச்சில் கொடுத்தார். அதனால்தான் இன்றும் அவற்றைப் பற்றிப் பேச முடிகிறது. கழற்றுகிறவன் குறித்து வைக்க வேண்டும்.

4. பெட்டியின் பெயிண்ட் இல்லாத இரும்புப் பகுதியைக் கையால் தொடுங்கள். உடம்பில் உள்ள நிலைமின்சாரம் இறங்கிவிடும். ரேமை ஓரங்களில் மட்டும் பிடியுங்கள்; தங்கப் பற்களைத் தொடக் கூடாது.

5. ஸ்லாட்டின் இரு முனையிலும் உள்ள கிளிப்புகளை வெளிப்பக்கம் தள்ளுங்கள். சில போர்டுகளில் ஒரு முனையில் மட்டுமே கிளிப் அசையும்.

6. வெட்டும் மேடும் நேராக வரும்படி ரேமைச் செங்குத்தாக வையுங்கள். இரண்டு கட்டைவிரல்களால் இரு முனைகளையும் சமமாக அழுத்துங்கள். "டக்" என்ற சத்தத்துடன் கிளிப் தானாக மூட வேண்டும். ஒரு முனை மட்டும் இறங்கி மறு முனை நின்றால், நம் அண்ணாச்சி கடையில் நடந்ததுதான் நடக்கும். அப்படியே கரண்ட் கொடுத்தால் ரேமோ போர்டோ கெடவும் கூடும். அவருக்குத் தப்பியது அதிர்ஷ்டம்.

7. லேப்டாப் வகையில் ரேமைச் சாய்வாக நுழைத்து, பிறகு கீழே படுக்க அழுத்த வேண்டும். சில லேப்டாப்களில் ரேம் போர்டுடன் சேர்த்தே பற்றவைக்கப்பட்டிருக்கும். அதை மாற்ற முடியாது.

8. ஒயரைச் செருகி மெஷினை ஓட்டுங்கள். டி.டி.ஆர்.5 மெஷின் முதல் தடவை திரை வரச் சில நிமிடம் எடுக்கலாம், பதற்றப்பட்டு நிறுத்திவிடாதீர்கள். டாஸ்க் மேனேஜரில் மொத்த அளவு சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். அன்றிரவே விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் என்ற சோதனையை ஓடவிடுவது நல்லது. விண்டோஸுடனே வருவதால் தனிச் செலவில்லை.

ஓடாவிட்டால்

விட்டு விட்டு பீப் சத்தம் வந்தாலும், புதிய போர்டுகளில் "டிராம்" என்ற சிறு விளக்கு எரிந்தாலும், பெரும்பாலும் ரேம் சரியாக உட்காரவில்லை என்றே பொருள். மெஷின் நம்மிடம் காரணம் சொல்கிறது. மறுபடி ஒயரைப் பிடுங்கிவிட்டு ரேமைக் கழற்றிப் பொருத்துங்கள். அப்போதும் ஓடாவிட்டால் பழைய ரேமை மட்டும் பழைய இடத்தில் போட்டுப் பாருங்கள். ஓடினால் போர்டு நன்றாக இருக்கிறது. பிறகு புதியதை மட்டும் அதே ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள். ஓடாவிட்டால் கோளாறு புதிய சரக்கில். பில்லோடு போய்த் திருப்பிக் கொடுங்கள். இப்படி ஒவ்வொன்றாகப் பார்க்காமல் "போர்டு போச்சு" என்று சொல்கிறவரிடம், "பெட்டியைத் திறந்து காட்டுங்கள்" என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

உப்புக் காற்றும் வெள்ளமும்

தூத்துக்குடி, காயல்பட்டினம், திருச்செந்தூர்க் கடற்கரைக் கடைகளில் இன்னொரு தொல்லை உண்டு. உப்புக் காற்றும் ஈரத் தூசியும் சேர்ந்து பற்களின் மேல் மெல்லிய படலமாகப் படியும். நேற்றுவரை ஓடிய மெஷின் ஒரு காலையில் பீப் அடிப்பதற்கு இது ஒரு காரணம். ரேமைக் கழற்றி, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட சுத்தமான துணியால் பற்களைத் துடைத்து, காயவிட்டுப் பொருத்தினால் பல சமயம் சரியாகிவிடும். அழிரப்பர் வைத்துத் தேய்ப்பது நம் பக்கத்து வழக்கம். மெதுவாகத் தேய்த்து, துகளைத் தட்டிவிட்டால் தவறில்லை. அழுத்தித் தேய்த்தால் தங்க முலாம் போய்விடும். உப்புத்தாள், எண்ணெய் இரண்டும் கூடவே கூடாது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது, ஸ்ரீவைகுண்டம் துண்டிக்கப்பட்டுக் கிடந்தது. அப்படி நனைந்த மெஷினை "ஓடுகிறதா பார்ப்போம்" என்று சுவிட்ச் போடுவதே பெரிய தவறு. நனைந்த நிலையில் கரண்ட் பாய்ந்தால்தான் கெடும். ஒயரைப் பிடுங்கிவிட்டு, ஹார்டு டிஸ்க்கையும் ரேமையும் தனியே கழற்றி, விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள். கணக்கு இருப்பது டிஸ்க்கில். அதை முதலில் காப்பாற்றச் சொல்லுங்கள். பெட்டியைத் தரையில் வைக்காமல், மூட்டைகளை மரச்சட்டத்தின் மேல் அடுக்குவது போல உயரத்தில் வைப்பது எப்போதும் நல்லது.

நிறைவாக

தலைமுறை பார்த்து வாங்குங்கள். ஜோடியாகப் போடுங்கள். பெரும்பாலும் இரண்டாவதும் நான்காவதும்தான் உரிய ஸ்லாட். புத்தகத்தைப் பார்த்து உறுதி செய்யுங்கள். இரு முனையும் "டக்" என்று இறங்கட்டும். பீப் சத்தத்துக்குப் பயப்படாதீர்கள்.

பொங்கல் முடிந்தபின் அந்த அண்ணாச்சி ஒரு காரியம் செய்தார். தினமும் கல்லாவை எண்ணி முடித்ததும் கணக்கைப் பென் டிரைவில் எடுத்து, அன்றைய வசூலுடன் சேர்த்து வீட்டுக்குக் கொண்டுபோகிறார். ரேம் கெட்டால் வாங்கிக் கொள்ளலாம். ஊர்ப் பாக்கிக் கணக்கை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.